கூட்டிப்போகும் எறும்பு

கோட்டைப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு நாலடி இறங்கினால் மண் வெளிறிவிடுகிறது. கடல் பக்கம் மணலும் கருவாடு காயும் களமும். உள்பக்கம் மணமேல்குடியும் மீமிசலும் போகிற வழியெல்லாம் பனை, சீமைக்கருவை, ஆடு கடித்து மிஞ்சிய புல், இடையிடையே ஒன்றுமில்லாத பொட்டல். தமிழகத்து வறண்ட சமவெளியில் இதுபோன்ற திறந்த நிலங்களில் பகல் வெளிச்சத்தில் நடமாடும் எறும்பு ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், கறுத்த உடல், வயிற்றின்மேல் மட்டும் பட்டுத்துணி போர்த்தியதுபோல் பொன்னிறத்தில் படிந்த மயிர். வெயில் படும்போது அந்த வயிறு மின்னும். பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். சில நேரம் மட்டும் இரண்டு எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டியும் ஒட்டாமலும் போகும். முன்னது சிறிது தூரம் ஓடி நிற்கும். பின்னது வந்து தன் உணர்கொம்புகளால் முன்னதன் வயிற்றையும் பின்னங்கால்களையும் தட்டும். தட்டியதும் முன்னது மறுபடி ஓடும். தட்டு விழாவிட்டால் நகராது, நின்று காத்திருக்கும். வரிசையாய்ப் போகும் எறும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வரிசையிலிருந்து பிரிந்த இரண்டு எறும்புகளாகத் தெரியும். உண்மையில் இந்த எறும்புக்கு வரிசையே கிடையாது. அதன் முழு ஊர்வலமும் அந்த இரண்டு பேர்தான்.

காம்போனோடஸ் செரிசியஸ் என்பது இதன் அறிவியற்பெயர். செரிசியஸ் என்றால் பட்டுப்போன்றது. 1798-ல் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்தியான் ஃபாப்ரிசியஸ் இதை விவரித்தார். நம் வீட்டுச் சுவரிலும் வேப்பமரத்திலும் ஏறும் பெரிய கறுப்புக் கட்டெறும்பை, அதாவது காம்போனோடஸ் கம்ப்ரெஸஸை, அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1787-ல் விவரித்தவரும் அவரே. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. சோழமண்டலக் கரையின் பூச்சிகள் பெட்டிபெட்டியாக அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறி ஃபாப்ரிசியஸின் மேசைக்குப் போய்ச்சேர்ந்தன. இந்தப் பேரினத்தை ஆங்கிலத்தில் தச்செறும்பு என்கிறார்கள். குளிர்நாடுகளில் இதன் உறவினங்கள் சில, மரத்தைக் குடைந்து கூடு கட்டி வீட்டு உத்திரத்தைக் கெடுப்பதால் வந்த பெயர் அது. நம் ஊர் இனங்கள் இரண்டும் தச்சு வேலைக்குப் போவதில்லை. தரையில் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. தமிழில் இரண்டையும் கட்டெறும்பு என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் வராமலிருக்க, பொன்வயிற்று இனத்தை இங்கே பட்டெறும்பு என்றும் மற்றதைக் கட்டெறும்பு என்றும் எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்கா தொடங்கி எத்தியோப்பியா, கென்யா வழியாக இந்தியா, இலங்கை, மியான்மர் வரை பட்டெறும்பு பரவியிருக்கிறது. நூல்கள் இதை வறண்ட சவானா நிலத்தின் எறும்பு என்று குறிக்கின்றன. சவானா என்றதும் நமக்குச் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் நினைவுக்கு வருகின்றனவே தவிர அறந்தாங்கிச் சாலை நினைவுக்கு வருவதில்லை. மரங்கள் தள்ளித்தள்ளி நிற்க, அவற்றுக்கிடையே வெயில் தரைவரை இறங்கிப் புல் வளரும் நிலமே சவானா. ஆசியாவின் இத்தகைய நிலங்கள் காலனிய வனத்துறைப் பட்டியலில் காடு என்றும், சீரழிந்த காடு என்றும் பதியப்பட்டுவிட்டன. அவை தமக்கென நீண்ட வரலாறு உடைய சவானாக்கள் என்று ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலானோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுரையில் வாதிட்டார்கள். நம் முல்லைத் திணையும் இதே விபத்தில் மாட்டியதுதான். காடு என்று பொருள் சொல்லிப் பாடப்புத்தகத்தில் அடர்ந்த மரங்களை வரைந்து வைத்திருக்கிறோம். வரகும் மேய்ச்சலும் கொன்றையும் மானும் உள்ள இடம் அடர்காடாக எப்படி இருக்கும்? ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டைக் கடலோரத்தின் இயல்பான தாவரம் வறண்ட பசுமைமாறாக் காடு என்பது தாவரவியலாரின் வகைப்பாடு; கோயில்காடுகளில் அதன் மிச்சம் இன்றும் நிற்கிறது. கோட்டைப்பட்டினத்தைச் சவானா என்று முத்திரை குத்துவது என் நோக்கமல்ல. எறும்புக்குத் தாவரவியல் பட்டியல் தெரியாது. அதற்கு வேண்டியது வெயில் விழும் திறந்த தரை. அது இங்கே தாராளமாக இருக்கிறது.

எறும்பு என்றால் வரிசை என்பது தமிழ் மனத்தில் மிகப் பழைய படிமம். பண்ணனின் சிறுகுடியில் சோற்றுருண்டை ஏந்திப்போகும் சிறுவர் கூட்டத்துக்கு, முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி ஒழுங்காகப் போகும் எறும்பை உவமை சொல்லும் பாட்டு புறநானூற்றில் (173) இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியிலும் ஊர்வது ஓர் எறும்பல்ல, ஒரே தடத்தில் ஓயாமல் போகும் ஆயிரம். வரிசை என்பது வேறொன்றுமில்லை, தரையில் எழுதிவைத்த வழி. முன்னே போனது மணத்துளியைச் சொட்டிவிட்டுப் போகிறது, பின்னே வருவது அதை மோந்து போகிறது, தன் பங்குக்குத் தானும் சொட்டுகிறது. வழி எறும்புக்கு வெளியே, மண்ணின்மேல் இருக்கிறது. அந்த மண்மேல் எந்த எறும்பை விட்டாலும் போய்ச்சேரும். பட்டெறும்பு இதற்கு நேரெதிரான ஏற்பாட்டில் வாழ்கிறது என்பதும், அதன் வழியறிவு தனித்தனி எறும்பின் நினைவில் சேர்த்துவைத்த சொத்து என்பதும், இந்த ஏற்பாடு வளர்ச்சி குன்றியதன் அடையாளமாகாது, சிதறிக்கிடக்கும் இரையை நம்பிச் சிறு குடியாகப் பிழைப்பதற்கு ஏற்ற வழி என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

இந்த இருவர் நடையை இந்தியாவில் கவனித்து எழுதியவர் ஆர். டபிள்யூ. ஜி. ஹிங்ஸ்டன். இந்திய மருத்துவப் பணியில் இருந்த இராணுவ மருத்துவர், 1924-ல் எவரெஸ்ட் பயணக்குழுவோடு இயற்கையியலாளராகப் போனவர். 1920-களின் இறுதியில் உள்ளுணர்வையும் அறிவையும் பற்றி அவர் எழுதியவற்றில் பட்டெறும்பு வருகிறது. ஆனால் பார்ப்பது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. பிரித்துப் பார்த்தவர்கள் பெர்ட் ஹோல்டாப்ளர், மைக்கேல் மோக்லிக், உல்ரிக் மாஷ்விட்ஸ் என்ற மூவர். அவர்களுடைய ஆய்வு 1974-ல் வெளியானது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: அந்த இரண்டு எறும்புகளையும் கட்டிவைத்திருக்கும் கயிறு எது? பின்தொடரும் எறும்பை எடுத்துவிட்டார்கள். வழிகாட்டி நின்றுவிட்டது. ஒரு மயிரிழையால் அதன் வயிற்றையும் பின்னங்காலையும் தொட்டார்கள். வினாடிக்கு இரண்டு முறையாவது தொட்டால், பின்னால் ஆள் இருக்கிறது என்று நம்பி நடந்தது. தொடுகை குறைந்தால் நின்றது. அடுத்து வழிகாட்டியை எடுத்துவிட்டு, அதன் உடல்மேற்பரப்பின் மணம் ஏற்றிய போலி உருவத்தை நகர்த்தினார்கள். பின்தொடரும் எறும்பு அந்தப் பொம்மையின் பின்னாலேயே போனது. ஆக, பின்னால் வருவதைப் பிடித்திருப்பது மணமும் தொடுகையும்; முன்னால் போவதைப் பிடித்திருப்பது வயிற்றிலும் பின்னங்காலிலும் விழும் தட்டு.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. இரை கண்ட எறும்பு வளைக்குத் திரும்பும்போது இரையைச் சுற்றி மண அடையாளம் வைக்கிறது, பின்குடலின் கழிவால் தரையில் சுவடும் இட்டுக்கொண்டே வருகிறது. வரிசையெறும்பு செய்வதில் பாதியை இதுவும் செய்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சுவட்டை மட்டும் வைத்து, அந்த இடத்தை அறியாத எறும்பை வெளியே இழுக்க முடியவில்லை. சுவடு யாரையும் அழைப்பதில்லை. ஏற்கெனவே போய்வந்த எறும்பு தன் வழியைச் சரிபார்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். அழைப்பு வளைக்குள்ளே, நேருக்கு நேர் நடக்கிறது. வந்த எறும்பு பரபரத்து ஓடி, எதிர்ப்படும் எறும்பின் முகத்துக்கு முன் உடலைக் குலுக்குகிறது, தன் வயிற்றிலிருந்து ஒரு துளி இரையைக் கக்கி வாயில் கொடுத்து ருசி காட்டுகிறது. பிறகு திரும்பி நிற்கிறது. ருசி பார்த்தது பின்னால் வந்து தட்டினால் இருவரும் புறப்படுகிறார்கள். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்கும் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவதற்கும் உள்ள வேற்றுமை இது. பட்டெறும்பிடம் அழைப்பிதழ் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கு இருக்கிறது. ஒரு வழிகாட்டி ஒரு நடைக்கு ஓர் எறும்பைத்தான் சேர்க்க முடியும். மெதுவாகவும் போக வேண்டும். ஐரோப்பாவின் டெம்னோதோராக்ஸ் என்னும் சிற்றெறும்பில் நைஜல் ஃபிராங்க்ஸும் டாம் ரிச்சர்ட்சனும் 2006-ல் அளந்து காட்டியபடி, துணை இல்லாமல் போனால் ஆகும் நேரத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் துணையோடு போகும் வழிகாட்டிக்கு ஆகிறது. இவ்வளவு செலவில் கிடைப்பது என்ன? பின்னால் போன எறும்புக்கு இப்போது அந்த இடம் தெரியும். அடுத்த முறை அதுவே தனியாகப் போகும், தேவைப்பட்டால் இன்னொன்றைக் கூட்டிப்போகும். தரையில் இட்ட வழிக்கு ஒரு பலவீனம் உண்டு; அது ஆவியாகும். டாபினோமா நைஜெரிமம் என்ற மத்தியதரைக் கடற்கரை எறும்பின் மணச்சுவடு, தரை 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது பயனிழந்துவிடுகிறது என்று 2011-ல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு காட்டியது. சித்திரை வைகாசியில் நம் கடலோர மணல் எத்தனை டிகிரி என்று அளக்க வேண்டாம், செருப்பில்லாமல் கருவாட்டுக் களத்தைக் கடந்தவருக்குத் தெரியும். அந்த மணலில் பகலில் இரை தேடும் எறும்புக்குத் தலைக்குள் இருக்கும் வழியே நிலையானது.

இங்கே முதல் எதிர்வாதம் வருகிறது. இருவர் நடை என்பது பரிணாம ஏணியின் கீழ்ப்படி, மேல்படி ஏறாமல் தங்கிவிட்ட எறும்பின் வழக்கம். அதற்குப் போய் வெயிலையும் மணலையும் காரணம் காட்டலாமா? இந்த ஏணியை வரைந்து காட்டியது ஒருவகையில் ஹோல்டாப்ளரின் ஆய்வுகளே. காம்போனோடஸ் பேரினத்துக்குள்ளேயே பட்டெறும்பு ஒன்றைக் கூட்டிப்போகிறது. புளோரிடாவின் காம்போனோடஸ் சோசியஸ் ஒரே நடையில் ஐந்திலிருந்து முப்பது எறும்புகள்வரை கூட்டிப்போகிறது. வட அமெரிக்கக் காடுகளின் காம்போனோடஸ் பென்சில்வானிகஸ் சுவட்டாலேயே பெருங்கூட்டத்தை இழுக்கிறது. மூன்றிலும் சுவடு பின்குடலிலிருந்து வருவது. ஒரு பழக்கம் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது, துண்டுகள் எப்படிக் கூடிப் பெரிதாகும் என்று விளக்க இந்த வரிசை மிக நல்ல படம். வரலாறு இதே வரிசையில் நடந்தது என்பதற்கு அது சான்றாகாது. மூன்றும் இன்று உயிரோடிருக்கும் இனங்கள். ஒன்று மற்றொன்றின் பாட்டி அல்ல. மேலும் இருவர் நடை ஒரு கிளையின் சொத்துமல்ல. 1959-ல் எட்வர்ட் வில்சன் கார்டியோகாண்டைலா எறும்பில் இதை விவரித்தார், டெம்னோதோராக்ஸில் இருக்கிறது, நம் நாட்டு டயாகாமா இண்டிகத்தில் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரியின் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது. இவை எல்லாம் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தூரத்து உறவினரிடமெல்லாம் தனித்தனியே முளைக்கும் பழக்கத்தை மிச்சசொச்சம் என்று தள்ளுவதைவிட, சில நிலைமைகளில் அது லாபகரமானது என்று கொள்வதே நியாயம்.

ஆனால் அதே சான்று என் வாதத்தையும் இடிக்கிறது. டெம்னோதோராக்ஸ் ஈரமான இங்கிலாந்தில் வாழ்கிறது. டயாகாமா மழை கொட்டும் வங்காளத்தில் வாழ்கிறது. வறட்சிதான் இருவர் நடையை உண்டாக்கியது என்றால் அவற்றுக்கு எதற்கு அது? இந்த எதிர்வாதத்தை நான் ஏற்கிறேன். வறட்சி இதை உண்டாக்கவில்லை. பெக்கர்ஸ், காஸ், டெனூபுர்க், பாஸ்டீல்ஸ் ஆகியோர் 1989-ல் பல எறும்பினங்களை ஒப்பிட்டுக் காட்டியது வேறு தொடர்பு: குடி சிறிதாக இருக்கும் இனங்கள் தனித்தோ இருவராகவோ இரை தேடுகின்றன, குடி பெருக்கப்பெருக்க மணச்சுவட்டின் ஆட்சி கூடுகிறது. காரணம் கணக்கில் இருக்கிறது. மணச்சுவடு ஆவியாகிக்கொண்டே இருக்கும் பொருள். அதை உயிரோடு வைக்க ஓயாமல் ஆட்கள் நடக்க வேண்டும். ஊரே நடந்தால் ஒற்றையடிப்பாதை புல் மூடாது, இரண்டு பேர் நடந்தால் மூடிவிடும். சில நூறு எறும்புகளே உள்ள பட்டெறும்புக் குடியால் அப்படியொரு பாதையைப் பராமரிக்க இயலாது. ஆகவே நேர்க்காரணம் குடியின் அளவு. ஆனால் அத்தோடு கேள்வி முடிந்துவிடவில்லை. திறந்த வறண்ட நிலத்தில் குடி ஏன் சிறிதாக இருக்கிறது, சிறிதாக இருந்துகொண்டு எப்படி இரண்டு கண்டங்களில் பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு இருவர் நடை விடையின் ஒரு பங்கு. இங்கே ஒரு செத்த வெட்டுக்கிளி, அங்கே ஓர் எருக்கஞ்செடியில் அசுவினிக் கூட்டம், மழை பெய்த வாரத்தில் மட்டும் ஒரு கொடியின் இனிப்புச் சுரப்பி என்று இரை சிதறிக் கிடக்கும் இடத்தில், ஒவ்வோர் இடத்துக்கும் நூறு பேரை அனுப்புவது வீண். மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்.

இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை; அதே நிலத்தில் கட்டெறும்பு இருக்கிறது. உருவில் பெரியது, குடியும் பெரியது, அந்தி சாய்ந்தபின் மரத்தடியிலிருந்து கிளைநுனிவரை தடம் போட்டு ஏறுகிறது. அங்கே அதற்கு மாடு கட்டியிருக்கிறது. சீமைக்கருவையின் இளங்கிளையில் முள்ளைப்போல் ஒட்டியிருக்கும் ஆக்சிரேக்கிஸ் என்னும் சிறு பூச்சி, மரச்சாற்றை உறிஞ்சி மிஞ்சிய சர்க்கரையைத் துளியாக வெளியேற்றுகிறது. கட்டெறும்பு உணர்கொம்பால் தடவித் துளியை வாங்கிக்கொள்கிறது, பூச்சியைத் தின்னவரும் எதிரிகளை விரட்டுகிறது. வாரக்கணக்கில் ஒரே கிளையில் நிலைக்கும் இந்தக் கறவைக்குத் தடம் போடுவது லாபம். கண்டுபிடித்தவரே வந்து கூட்டிப்போக வேண்டிய தேவை இல்லை. வெறும் சாறு குடித்தே பெருங்குடி நடத்த உள்ளே ஓர் உதவியும் உண்டு. காம்போனோடஸ் எறும்புகளின் குடலோரச் செல்களில் ப்ளாக்மானியா என்ற பாக்டீரியா தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, கழிவு நைட்ரஜனைத் திருப்பி அமினோ அமிலமாக்கித் தருகிறது. பட்டெறும்பும் இனிப்பை விடுவதில்லை. உணவுப்பட்டியல் பெருமளவு ஒன்று, உள்ளே துணையிருக்கும் பாக்டீரியாவின் வகையும் ஒன்று, வெயிலும் மண்ணும் ஒன்று. அப்படியிருந்தும் ஒன்று தடம் போடுகிறது, மற்றது கைப்பிடித்துப் போகிறது என்றால், வேறுபாட்டை வறட்சியின் தலையில் மட்டும் கட்ட முடியாது என்பதும், இரை கிடைக்கும் விதமும் குடியின் அளவும் சேர்ந்தே வழியைத் தீர்மானிக்கின்றன என்பதும் தெளிவாகிறது. பகலா இரவா, தரையா மரமா என்ற தேர்வும் அதோடு சேர்கிறது.

இன்னொரு தகராறு, சொல்லைப் பற்றியது. ஃபிராங்க்ஸும் ரிச்சர்ட்சனும் தங்கள் கட்டுரையில் இருவர் நடையைக் கற்பித்தல் என்றே அழைத்தார்கள். விலங்குகளில் கற்பித்தலுக்குக் காரோவும் ஹௌஸரும் 1992-ல் வகுத்த வரையறை மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: அறியாதவர் முன்னிலையில் அறிந்தவர் தன் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டும், அதனால் அவருக்கு நட்டமாவது, உடனடி லாபமின்மையாவது இருக்க வேண்டும், அறியாதவர் அதனால் விரைவில் கற்க வேண்டும். வழிகாட்டி எறும்பு நின்று காத்திருக்கிறது, நேரத்தை இழக்கிறது, பின்தொடர்ந்தது இரையை விரைவாக அடைகிறது. மாணவர் நடுவில் நின்று சுற்றிச்சுற்றி நோக்கி அடையாளம் பதித்துக்கொள்ள, ஆசிரியர் காத்திருப்பதுபோல் அந்தக் காட்சி இருக்கிறது. உடனே மறுப்பும் வந்தது: இடத்தைச் சொல்வது தகவல், திறமையைத் தருவதே கற்பித்தல் என்றார்கள் சிலர். அதைவிட வலுவான அடி 2015-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பட்டெறும்பின் பேரினத்தையே சேர்ந்த காம்போனோடஸ் கன்சோப்ரினஸ் என்ற இனத்தில், பின்தொடரும் எறும்புகள் எப்போதும் கற்றுக்குட்டிகளல்ல, வழியறிந்தவையும் பின்னால் போகின்றன என்று ஷுல்தைஸ், ராடர்ஷால், நரேந்திரா ஆகியோர் காட்டினார்கள். வழி தெரிந்தவருக்கு வழிகாட்டுவது எப்படிக் கற்பித்தலாகும்? என் முடிவு இது: கற்பித்தல் என்ற சொல்லை விட்டுக்கொடுத்தாலும் என் வாதத்தில் ஒன்றும் குறையவில்லை. வழியறிந்த எறும்பு பின்னால் போவது, அறிவு தலைக்குள் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சியே. அங்கே கூட்டிப்போவது பாடம் நடத்த அல்ல, இப்போது போகலாம் என்று கிளப்ப. நம்மூரில் விடியற்காலை படகுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. கடலுக்கு வழி இருவருக்கும் தெரியும், இன்று மீன் பாடு இருக்கிறது என்பதுதான் செய்தி.

வளையை மாற்றும் நாளில் இந்த எறும்பு செய்வது, கூட்டிப்போவதற்கும் தூக்கிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகிறது. 1974 ஆய்வில் புது வளைக்கு அழைக்கும் முறை இரைக்கு அழைக்கும் முறையிலிருந்து வேறாக இருந்தது. இரைத்துளி கொடுப்பது இல்லை. எதிர்ப்படும் எறும்பின் தாடையைப் பற்றி வெடுக்கென்று இழுக்கிறது, பிறகுதான் திரும்பி நிற்கிறது. நடந்து வராதவற்றைத் தூக்கிக்கொண்டும் போகின்றன. டெம்னோதோராக்ஸில் இதற்குள்ள ஒழுங்கு நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது: முதலில் இருவர் நடையாக மெதுவாக ஆள் சேர்க்கிறார்கள், புது இடத்தில் போதிய தலைகள் கூடியதும் முறையை மாற்றி மிச்சப்பேரைத் தூக்கிச் சுமக்கத் தொடங்குகிறார்கள். தூக்குவது மூன்று மடங்கு விரைவு. அப்படியென்றால் தொடக்கத்திலேயே தூக்கியிருக்கலாமே? தூக்கிப்போகப்பட்ட எறும்பு தலைகீழாகவும் பின்புறம் பார்த்தும் மடங்கிக் கிடக்கும். வந்த வழி அதற்குத் தெரியாது, இன்னொன்றைக் கூட்டிவரவும் உதவாது. நடந்து வந்ததற்குத்தான் வழி தெரியும். வேகம் வேண்டுமானால் சுமக்க வேண்டும், வழியறிந்தவர்கள் வேண்டுமானால் நடத்திக் கூட்டிவர வேண்டும். எறும்பு இரண்டையும் நேரமறிந்து செய்கிறது. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்று சொன்னவர்கள் பார்த்தது இந்த இரண்டாம் கட்டத்தை. அதற்கு முன்பே ஒன்றிரண்டு எறும்புகள் திட்டைக்கு வழி பழகிவிட்டிருக்கும்.

இந்த வாதம் சரியென்றால் நிலத்தைப் பற்றி ஒரு விளைவு அதிலிருந்து கிளம்புகிறது. தடம் போடும் எறும்பின் பாதையை அழித்தால் அது சிறிது நேரம் தடுமாறும், பிறகு ஆட்கள் நடந்து புதுத்தடம் போட்டுவிடுவார்கள். பட்டெறும்பின் குடியிலோ ஒவ்வொரு தலையிலும் ஒரு துண்டு வரைபடம் இருக்கிறது. அதில் உள்ள அடையாளங்கள் இந்தப் பனை, அந்தக் கல், அப்பால் உள்ள புதர். பொட்டல் என்று நாம் நினைக்கும் இடத்தில் ஜேசிபி ஒரு நாள் ஓடினால், மண்ணோடு சேர்ந்து அந்த வரைபடம் பொருளிழந்து போகிறது. சீமைக்கருவையை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017 வாக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தென்மாவட்டமெங்கும் இயந்திரங்கள் இறங்கின. நான் அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. திறந்த நிலத்தைப் புதராக்கி மூடியது அதுதான். நிலைத்த கறவையைத் தந்து கட்டெறும்புக்குச் சாதகமாகவும் பட்டெறும்புக்குப் பாதகமாகவும் அது தராசைச் சாய்த்திருக்கக்கூடும் என்பது மேலே சொன்னதிலிருந்து நான் எட்டும் ஊகம். பிடுங்கிய பின் அந்த இடம் என்னவாகிறது என்பதே கேள்வி. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது தரிசு அல்லது புறம்போக்கு. தேசிய அளவில் வரைந்த தரிசுநில வரைபடத்தொகுப்பில் புதர்நிலம் வீண்நிலத்தின் கீழே வருகிறது. வீண் என்று எழுதிய இடத்தில் சூரியத்தகடு பதிக்கலாம், குப்பை கொட்டலாம், நல்லெண்ணத்தோடு நெருக்கமாக மரம் நடவும் செய்யலாம். மூன்றும் வெயில் விழும் தரையை எடுத்துக்கொள்கின்றன.

எறும்புக்காக நிலத்தைச் சும்மா விடச் சொல்வதா என்று கேட்பார்கள். வேலையும் மின்சாரமும் வேண்டிய கடலோர ஊரில் அந்தக் கேள்வி கேலியாக மட்டும் இருக்காது. ஆனால் எந்த நிலத்தைப் பற்றிய முடிவுக்கும் முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டும். நம் கணக்கெடுப்புகள் மரத்தை எண்ணுகின்றன, பறவையை எண்ணுகின்றன, தரையை எண்ணுவதில்லை. டி. சி. ஜெர்டான் என்ற மருத்துவர் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதி 1851-ல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் செய்த காரியம் அது. அதே காரியத்தைக் கோட்டைப்பட்டினத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வெள்ளைத்தாள், சர்க்கரைத் தண்ணீர், ஒரு மயிரிழை ஆகியவற்றோடு பனைநிழலில் செய்யலாம். காலை எட்டு மணிக்குத் தரையில் ஒரு துளி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொன்வயிறு ஒன்று வந்து குடித்துவிட்டுப் போகும். சிறிது நேரத்தில் அது திரும்பிவரும்போது பின்னால் இன்னொன்று இருக்கிறதா, அது தட்டுகிறதா, தட்டு நின்றால் முன்னது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.